மாத்திரை சாப்பாட்டில் சேராது

எங்கள் சபையின் மேற்குச் சுவரில் ஒன்பது பழங்களை வரைந்து வைத்திருக்கிறார்கள். ஆவியின் கனிகள். அன்புக்கு ஆப்பிள், சந்தோஷத்துக்கு ஆரஞ்சு, சமாதானத்துக்கு மாம்பழம் என்று வரிசையாகப் போகும். போடியில் கடைகளுக்குப் போர்டு எழுதுகிறவர் வரைந்தது. எட்டாவதுக்குள் அவருக்குத் தெரிந்த பழங்கள் தீர்ந்துவிட்டன போல. ஒன்பதாவதாக வருகிற இச்சையடக்கத்துக்கு ஒரு கொய்யாவைப் போட்டு முடித்துவிட்டார். அந்தக் கொய்யாவைச் சபையில் பாதிப்பேர் பார்த்ததே இல்லை. அதை மறைத்துக்கொண்டு ஸ்பீக்கர் பெட்டி நிற்கிறது. சனிக்கிழமைதோறும் கூட்டிப் பெருக்குகிறவள் என்பதால் எனக்குத் தெரியும்.

தகரக் கூரை போட்ட சின்னச் சபை. ஈஸ்டருக்கு முன்னால் வரும் லெந்து நாட்களும் உண்டு, கைத்தாளமும் உண்டு. எதையும் விட்டுவைப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை பாட்டுக்கும் பிரசங்கத்துக்கும் நடுவே சாட்சி நேரம் வரும். மைக் கைமாறிக்கொண்டே போகும். குடியை விட்டேன் என்றால் தகரம் அதிர அல்லேலூயா. பீடியை விட்டேன் என்றால் அதில் பாதி. சீரியலை விட்டேன் என்று ஒரு அக்கா சொன்னபோது பெண்கள் பக்கத்தில் மட்டும் மெலிசாக எழும்பி அடங்கியது. அவரவருக்கு அவரவர் சீரியல் ஞாபகம் வந்திருக்கும். இத்தனை வருஷத்தில் ஒரு ஆள்கூட எழுந்து, ஐந்து தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், இப்போது மூன்றோடு எழுந்துவிடுகிறேன் என்று சாட்சி சொல்லிக் கேட்டதில்லை. சொன்னால் யார் கைதட்டுவார்கள்? விடுவதில் ஒரு கதை இருக்கிறது. குறைப்பதில் பசிதான் இருக்கிறது.

இந்த விடுகிற வித்தையில் எங்கள் சபையின் சாம்பியன் என் வீட்டுக்காரர்.

அவர் ஜீப் ஓட்டுகிறார். காலையில் ஐந்தேமுக்காலுக்கு வீட்டிலிருந்து கிளம்பி, சிலமலைக்குப் போய் வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு, போடி வந்து மிச்சப் பேரை ஏற்றி, முந்தல் தாண்டி மலையேறி, போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள ஏலத் தோட்டத்தில் இறக்கிவிட வேண்டும். சாயங்காலம் அதே ஆட்களைக் கீழே கொண்டுவர வேண்டும். நான் பிறந்ததே கிறிஸ்தவக் குடும்பத்தில். அவர் கல்யாணமாகி மூன்றாம் வருஷம் குடியை விட்டு, விட்ட கையோடு சபைக்கு வந்தவர். ஜீப் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் சாக்கடையில் பாட்டிலைக் கவிழ்த்தார். அது உண்மை, நானே பார்த்தேன். அது ஒரு குவார்ட்டர். சாட்சி சொல்லச் சொல்ல அது வளர்ந்து முழு பாட்டிலாகி, போன வருஷம் ஒரு பெட்டியாகிவிட்டது. இன்னும் பத்து வருஷம் போனால் லோடு லாரியே சாக்கடையில் கவிழும்.

அதன் பிறகு பீடியை விட்டார். காபியை விட்டார். சீட்டாட்டத்தை விட்டார். எல்லாம் ஒரே நாளில், ஒரே மூச்சில், மைக் சாட்சியாக. ஆனால் விட்ட இடம் எதுவும் காலியாக இருந்ததில்லை. குடி போன இடத்தில் ஜிலேபி வந்து உட்கார்ந்தது. பீடி போன இடத்தில் தேன்மிட்டாய். காபிக்குப் பதிலாக மூன்று கரண்டி சீனி போட்ட இஞ்சி டீ. ஐம்பது வயது நெருங்கும்போது சர்க்கரை வியாதி வந்தது. அது வந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. இவ்வளவு நாள் எங்கே வழி தவறிச் சுற்றிக்கொண்டிருந்தது என்பதுதான் ஆச்சரியம்.

உடம்பு ஆண்டவர் தங்குகிற வீடு என்று எங்கள் ஆட்கள் அடிக்கடி சொல்வார்கள். பீடி, சிகரெட், சாராயம் இந்த மூன்றும் வாசலில் வந்து நிற்கும்போது மட்டும்தான் அந்த ஞாபகம் வரும். பிரியாணி வந்தால் வீட்டின் சொந்தக்காரர் யார் என்றே மறந்துபோகும். எங்கள் பெரியவர்களில் நான்கு பேருக்குக் காலில் ஆறாத புண். அதற்காக வாராவாரம் ஜெபம் நடக்கும். ஜெபம் முடிந்ததும் கேசரி கொடுப்பார்கள்.

என் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். போடியில் ஒரு ஏலக்காய் ஸ்டோரில் காய் பொறுக்கும் வேலை எனக்கு. சல்லடையில் சலித்து வரும் காயை முறத்தில் போட்டு, வெடித்தது, நிறம் வெளுத்தது, பூச்சி தின்றது என்று ஒவ்வொன்றாக ஒதுக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக இதே சோலி. குற்றம் கண்டுபிடிக்க எனக்குச் சம்பளம் தருகிறார்கள். வீட்டுக்கு வந்தால் சம்பளம் இல்லாமல் அதையே செய்வேன். அவர் சாப்பிட உட்கார்ந்தால் நான் எதிரே உட்கார்ந்துகொள்வேன். நான்காவது தோசைக்குக் கை நீண்டால் 'நாலு' என்பேன். ஐந்தாவதுக்கு 'அஞ்சு'. ஆறாவதுக்கு எண்ணோடு நிற்க மாட்டேன்.

"ஒங்களப் படைக்கிறப்ப ஆண்டவரு வயித்த மட்டும் ரெண்டு தடவ பண்ணிட்டாரோ?"

 அவர் தலையைக் குனிந்துகொண்டு ஆறாவதையும் சாப்பிடுவார். மறுநாள் ஸ்டோரில் இதைச் சொன்னால் முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு வேண்டும். அடுத்த நாளுக்கு என்ன சொல்லலாம் என்று இரவு சட்னி அரைக்கும்போதே யோசித்து வைப்பேன். அவருக்கு ஜிலேபி எப்படியோ எனக்கு அது அப்படி. அன்றைக்கு இதை யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் சொன்னவரையும் ஒரு வழி பண்ணியிருப்பேன்.

இந்த லெந்துக்கு எங்கள் பாஸ்டர் ஒரு அறிவிப்பு கொடுத்தார். நாற்பது நாளும், மதியம் மூன்று மணிவரை உபவாசம், விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம் என்றார். அவர் நல்ல மனிதர். யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் பைக்கை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். ஆனால் யாராவது ஒன்றை விடுகிறேன் என்றால் அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அதுதான் அவருடைய பலவீனம். முதல் பெயரை யார் கொடுத்திருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அன்றே வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் தொடங்கினார்கள். பெயர், உபவாச வீரர்கள். இரண்டாம் நாள், ஸ்தோத்திரம். மூன்றாம் நாள், ஸ்தோத்திரம். ஒரு சகோதரர் காலித் தட்டைப் படம் பிடித்துப் போட்டார். இன்னொருவர் தன் வீட்டு அடுப்பு அணைந்திருப்பதைப் போட்டார். உபவாசம் இருப்பதை ஊருக்குக் காட்டிக்கொள்ளக் கூடாது என்று ஞாயிறு பள்ளியில் எனக்குச் சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். குரூப்பில் இருப்பவர்களுக்கு அந்த வாரம் லீவு போல.

பிறகு எது உபவாசத்தை முறிக்கும், எது முறிக்காது என்ற பஞ்சாயத்து வந்தது. ஆராதனை முடிந்து வாசலில் வேப்பமரத்தடியில் ஒரு மணி நேரம் நடந்தது. தண்ணீர் முறிக்காது. இளநீர் முறிக்கும் என்று ஒரு கட்சி, அதுவும் தண்ணீர்தானே என்று ஒரு கட்சி. ஏலக்காயை மென்று துப்பினால் எப்படி என்று ஒருவர் கேட்டார். இந்த ஊரில் அந்தக் கேள்வி வராமல் இருக்குமா. அப்போதுதான் என் வீட்டுக்காரர் கையைத் தூக்கினார்.

"எனக்குச் சுகர் மாத்திர இருக்கு. காலையில போடணும். அது முறிக்குமா?"

எல்லோரும் யோசித்தார்கள். ஒரு பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். "மாத்திர சாப்பாட்டுல சேராதுப்பா. தாராளமாப் போட்டுக்க." எல்லோருக்கும் திருப்தி. உபவாசமும் பிழைத்தது, வைத்தியமும் பிழைத்தது. அந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதில் மாத்திரையை ஐந்து மணிக்கு ஒழுங்காகப் போட்டுவிடுவார். சாப்பாடு பத்து மணி நேரம் கழித்து வரும்.

வந்தால் எப்படி வரும் தெரியுமா? மூன்று மணி அடிக்கும்போது அவர் போடிமெட்டு டீக்கடையில் இருப்பார். ஆறு புரோட்டா, சால்னா, இரண்டு பழம்பொரி, இரண்டு டீ. உபவாசம் இருப்பதைவிட உபவாசம் முடிப்பதில் பக்தி அதிகம். இரவு வீட்டில் நான் வைப்பது தனி. பத்து நாளில் சட்டைப் பித்தான் இறுகியது. நாற்பது நாள் பட்டினி கிடந்து எடை கூடியவர்கள் என்று ஒரு பட்டியல் எடுத்தால் எங்கள் வீரர்கள் எல்லோரும் அதில் வருவார்கள்.

இரண்டாவது ஞாயிறு ஆராதனையில் ஜெபத்தின் நடுவே அவர் கை நடுங்கியது. நெற்றி, கழுத்து, முதுகு எல்லாம் வேர்வை. மின்விசிறிக்கு நேர் கீழே நிற்கிறார், சட்டை ஈரத்தில் ஒட்டிக்கிடக்கிறது. பக்கத்தில் நின்றவர் பார்த்துவிட்டு, "ஆவியின் அபிஷேகம் இறங்குது!" என்று கத்தினார். பாஸ்டர் ஓடிவந்து தலையில் கை வைத்தார். தகரம் அதிர்ந்தது. கொஞ்ச நேரத்தில் அவர் தொய்ந்து நாற்காலியில் உட்கார்ந்தார். யாரோ இருமலுக்கு வைத்திருந்த கற்கண்டை அவர் கையில் திணித்ததையும், அவர் தெரியாமல் வாயில் போட்டுக்கொண்டதையும், அதன் பிறகு முகம் தெளிந்ததையும் நான் பெண்கள் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

எனக்கு அப்போதே சந்தேகம் வந்தது. ஸ்டோரில் என்னோடு வேலை பார்க்கும் ஒருத்திக்குச் சர்க்கரை இறங்கிப்போய் இப்படித்தான் வேர்த்தது. வீட்டுக்கு வந்ததும் அவரை உட்கார வைத்து, இது பட்டினியில் மாத்திரை போடுவதால் வருகிறது, ஆபத்து, என்று பதமாகச் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இது:

"அபிஷேகமெல்லாம் கற்கண்டுக்கு எறங்கிப் போகுமா? எனக்குத் தெரியாமப் போச்சே!"

அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. உபவாசத்தை விடவும் இல்லை. எப்படி விடுவார்? விட்டால் நான் சும்மா இருப்பேனா?

பதினேழாவது நாள், வெள்ளிக்கிழமை. அன்று நடந்ததை என்னிடம் சொன்னவள் சிலமலைக்காரி ஒருத்தி. பதினைந்து வருஷமாக அவர் ஜீப்பில் முன் சீட்டில் உட்கார்ந்து தோட்டத்துக்குப் போகிறவள். அவளுக்கும் சர்க்கரை. அந்த வாரம் பழனிக்குப் போய்விட்டு வந்திருந்தாள். கூட வேலை பார்ப்பவர்களுக்குக் கொடுக்கப் பஞ்சாமிர்த டப்பா ஒன்று பையில் வைத்திருந்தாள்.

ஜீப்பில் அவளையும் சேர்த்துப் பதினோரு பெண்கள். முந்தல் தாண்டி வளைவு ஏற ஆரம்பித்தபோதே அவர் பேச்சு குழறியிருக்கிறது. ஏழாவது வளைவில் கியரைத் தேடித் தேடிப் போட்டிருக்கிறார். கழுத்தில் வேர்வை ஒழுகுகிறது. "என்னண்ணே, ஒரு மாதிரி இருக்கீக?" என்று கேட்டதற்குச் சிரித்திருக்கிறார். பத்தாவது வளைவில் ரோடு திரும்பியது. ஜீப் திரும்பவில்லை. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்திருக்கிறார். நேரே வெள்ளையடித்த குட்டைச் சுவர், அதற்கு அப்பால் ஒன்றுமில்லை, கீழே தூரத்தில் போடி.

சிலமலைக்காரி இரண்டு கையாலும் ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். ஏற்றம் என்பதால் வேகம் இல்லை. முன் சக்கரம் சுவரில் முட்டி நின்றது. பின்னால் இருந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து எழுந்து, கத்திக்கொண்டே குதித்தார்கள். ஒரு பெண்ணுக்கு முழங்கை பிசகிவிட்டது. அவர் மட்டும் சீட்டில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே இருந்தாராம்.

சிலமலைக்காரி அவர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. அவளுக்கு விஷயம் புரிந்தது. டப்பாவைத் திறந்து விரலால் ஒரு வாய் வழித்து எடுத்து அவர் வாயருகே கொண்டுபோனாள். அவ்வளவு மயக்கத்திலும் என் வீட்டுக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"உபவாசம்," என்றிருக்கிறார். பிறகு டப்பாவைப் பார்த்திருக்கிறார். "படச்சதா?"

"படைக்காம கடையில வாங்குனதுண்ணே, வாயத் தொறங்க!" என்று பொய் சொல்லியிருக்கிறாள். திறக்கவில்லை. கட்டைவிரலை விட்டு வாயைப் பிளந்து உள்ளே திணித்தாள். ஒரு வாய், இரண்டு வாய், மூன்று வாய். மற்றவர்கள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பத்து நிமிஷத்தில் கண்ணில் வெளிச்சம் வந்தது. சுவரைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார், தன்னைச் சுற்றி நின்ற பதினோரு பேரையும் பார்த்தார். பிறகு அழுதார்.

நான் பிறந்ததிலிருந்து பிரசாதம் வாயில் வைத்ததில்லை. என் புருஷனை அன்றைக்கு உயிரோடு கீழே அனுப்பியது அதுதான். அனுப்பியவர் யார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆண்டவர் எந்த டப்பாவிலிருந்து எடுத்தார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

வேறு ஒரு ஜீப்காரர் வந்து வண்டியை மேலே ஏற்றிக் கொடுத்தாராம். போடிமெட்டு டீக்கடை மலையாளி, "எந்தா சேட்டா, முகமொக்கெ வெளுத்துப் போயல்லோ" என்று கேட்டுக்கொண்டே இடியாப்பம் வைத்தாராம். சாயங்காலம் அந்த ஜீப்காரரே எல்லோரையும் கீழே கொண்டுவந்து விட்டார். சிலமலைக்காரி ஊருக்குப் போகாமல் இவரோடு எங்கள் வீட்டுப் படியேறினாள். நடந்ததை முழுதாகச் சொல்லிவிட்டு, ஜீப் சாவியை என் கையில் வைத்தாள்.

"மதினி, சாவி ஒங்ககிட்டயே இருக்கட்டும். அண்ணே சாப்பிட்டாத்தான் நீங்க குடுக்கணும். சாப்பிடலன்னா நாங்க வேற வண்டி பாத்துக்கிறோம். எங்களுக்கும் பிள்ளைக இருக்குல்ல."

நான் அவர் பக்கம் திரும்பினேன்.  அவர் சுவரோரம் நின்று என்னிடம் கேட்டது இதுதான்: "படைச்சதச் சாப்பிட்டுட்டேன் புள்ள. பாஸ்டர்கிட்ட என்ன சொல்லுவேன்?"

பதினோரு பேரைப் பள்ளத்தில் தள்ளப் பார்த்த மனிதருக்குக் கவலை பஞ்சாமிர்தத்தைப் பற்றி. நான் வாயைத் திறந்தேன். முப்பது வருஷச் சரக்கு மொத்தமும் வந்தது. உங்களுக்கு விடத் தெரியும், அளவாக வைக்கத் தெரியாது, வயிறு இருக்கிறது, மூளை இல்லை, இப்படி. சிலமலைக்காரி என் கையைப் பிடித்தாள்.

"மதினி, கோவிச்சுக்கிறாதீக. ஒன்னு சொல்றேன். டீக்கடையில அண்ணே ஒரு வார்த்த சொன்னாரு. 'வீட்டுல ஒக்காந்து சாப்பிட்டா ஒவ்வொன்னயும் எண்ணுறா. இந்த நாப்பது நாளாச்சும் காலையில யாரும் எண்ணாம இருக்கேன்'னாரு."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஆறாவது தோசைக்குக் குனிவாரே, அதே குனிவு.

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அவர் ஆண்டவருக்காக உபவாசம் இருந்தார், சபை மெச்ச வேண்டும் என்று இருந்தார், அதெல்லாம் உண்மை. கொஞ்சம் எனக்குப் பயந்தும் இருந்திருக்கிறார். அவருக்கு வாய்க்குள் போவதில் அளவில்லை என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். என் வாயிலிருந்து வெளியே வருவதை யாரும் எண்ணவில்லை. எண்ணியிருந்தால் அவர் தோசையெல்லாம் எந்த மூலைக்கு. அன்று சிலமலைக்காரிக்கு டீ போட்டுக் கொடுத்தேன், சீனி போடாமல். அவள் குடித்துவிட்டுப் போனாள். எனக்கு அடுப்படியைவிட்டு வெளியே வர முகமில்லை.

மறுநாள் டாக்டரம்மாவிடம் போனோம். கேட்டுவிட்டு அவருக்கு வந்த கோபத்தைப் பார்த்து எனக்கே பயமாக இருந்தது.

"யாரு சொன்னா மாத்திர சாப்பாட்டுல சேராதுன்னு? சாப்பாடு இல்லன்னா அது மருந்துலயே சேராது!"

பிறகு தணிந்து, காலையில் மூன்று இட்லி, பதினொரு மணிக்குச் சுண்டல், மதியம் ஒரு தட்டு, இரவு கொஞ்சம், எல்லாம் நேரத்துக்கு, சட்டைப்பையில் எப்போதும் குளுக்கோஸ் என்று எழுதிக் கொடுத்தார். என் வீட்டுக்காரர் சீட்டை வாங்கிக்கொண்டு பவ்யமாகக் கேட்டார்.

"எத்தன நாளைக்குங்கம்மா?"

"எத்தன நாளைக்கா? இருக்கிற வரைக்கும்."

அவர் முகம் விழுந்துவிட்டது. நாற்பது நாள் பட்டினி என்றால் அவர் தயார். எண்பது என்றாலும் தயார். தினமும் மூன்று இட்லி, அதுவும் மைக் இல்லாமல், சாகும்வரை என்றால் எந்த வீரனும் ஆடிப்போவான்.

பாஸ்டரிடம் அவரே போய்ச் சொன்னார். நானும் கூடப் போனேன். பாஸ்டர் உருகிப்போய், தெரியாமல் சாப்பிட்டதுதானே, ஆண்டவர் மன்னிப்பார் என்று பஞ்சாமிர்தத்துக்காக ஜெபித்தார். முறிந்த உபவாசத்துக்காக ஜெபித்தார். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தார். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். மெதுவாகத்தான் கேட்டேன்.

"ஐயா, ஜீப்புல இருந்த பதினோரு பேருக்கு?"

அவர் என்னைப் பார்த்தார்.  அடுத்த ஞாயிறு அறிவிப்பு வந்தது. பாடகர் குழு பயிற்சிக்கும், யாரோ விட்டுப்போன குடைக்கும் நடுவே, சர்க்கரை உள்ளவர்கள் உபவாசம் எடுக்க வேண்டாம் என்றார். ஸ்பீக்கரில் நன்றாகவே கேட்டது. உபவாச வீரர்கள் குரூப்பிலிருந்து அன்று சாயங்காலத்துக்குள் ஒன்பது பேர் விலகினார்கள். ஒன்பது பேருக்கும் சர்க்கரை. இத்தனை நாளும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

காலை ஐந்து மணி எங்கள் வீட்டில் இப்போது இப்படித்தான். மாத்திரை. அரை மணி நேரம் கழித்துத் தட்டில் மூன்று இட்லி. தட்டுக்குப் பக்கத்தில் ஜீப் சாவி. எதிரே நான். உட்காராமல் இருக்கலாம்தான், ஆனால் சாவிக்கு நான் பொறுப்பு. வாயை என்ன செய்வது? பேசாமல் இருப்பேன் என்று முடிவெடுத்தால் இரண்டாவது இட்லிக்குள் முடிவு போய்விடுகிறது. ஒரு நாள் கைக்கு வந்த ஒரு வெடிப்பு ஏலக்காயை வாயில் போட்டுக் கடைவாயில் அடக்கிக்கொண்டேன். ஏதாவது சொல்லத் தோன்றும்போதெல்லாம் அதைக் கடித்தேன். முதல் வாரம் ஒரு சாப்பாட்டுக்கு ஐந்தாறு காய் போனது. நாக்கு மரத்துவிட்டது. இன்றைக்கு விற்கிற விலையில் இவ்வளவு ஏலக்காய் தின்றவள் போடியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அவரும் லேசில் திருந்திவிடவில்லை. மூன்றாவது இட்லி முடிந்ததும் கை தானாக இட்லிக் குண்டான் பக்கம் போகும். என்னைப் பார்ப்பார். நான் ஏலக்காயைக் கடிப்பேன். சில நாள் நான்காவதும் எடுத்தார். சில நாள் எடுக்கவில்லை. ஸ்டாண்டில் ஜீப் நின்றதும் பெண்கள் ஏறுவதற்கு முன்னால் கேட்பார்களாம்: "அண்ணே, சாப்டீகளா?" ஆமாம் என்று சொன்னால் போதாது, என்ன சாப்பிட்டார் என்று சொல்ல வேண்டும். முன் சீட்டுக்காரியிடம் குளுக்கோஸ் பாக்கெட்டைக் காட்ட வேண்டும். எங்கள் சபை இருபது வருஷமாகச் செய்யாத கண்காணிப்பை, எங்கள் சாமியைக் கும்பிடாத பதினோரு பேர் காலை வெளிச்சம் வருமுன் செய்து முடித்துவிடுகிறார்கள்.

ஈஸ்டர் வந்தது. சாட்சி நேரத்தில் மைக் சுற்றியது. உபவாசத்தை முழுதாக முடித்தவர்கள் ஒவ்வொருவராகச் சொன்னார்கள், தகரம் அதிர்ந்தது. மைக் என் வீட்டுக்காரரிடம் வந்தது. இந்த முறை பாட்டில் எத்தனை பெட்டியாகப் போகிறதோ என்று நான் காத்திருந்தேன்.

"நாப்பது நாளு இருக்க நெனச்சேன். பதினேழாவது நாளு முறிஞ்சிருச்சு. ஜீப்ப சுவருல விட்டுட்டேன். ஜனங்க தப்பிச்சது ஆண்டவர் கிருப. அன்னையிலருந்து காலையில மூணு இட்லி சாப்பிட்டுட்டு வண்டி எடுக்கிறேன். சில நாளு நாலு."

மைக்கைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்.  சாட்சி முடிந்துவிட்டதா, இன்னும் வருமா என்று தெரியாமல் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ இருமினார்கள். பாஸ்டர் அடுத்தவரைக் கூப்பிட்டார். நான் அல்லேலூயா சொல்ல நினைத்தேன். வாய்க்கு வரவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வருத்தம். எத்தனையோ வேண்டாததைச் சொன்ன வாய், வேண்டிய ஒரு வார்த்தைக்கு உதவவில்லை.

ஆராதனை முடிந்து ஐக்கிய விருந்து. பிரியாணி. உபவாச வீரர்கள் வரிசையில் முதலில் நின்றார்கள். அவரும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். அவர் ஒரு தட்டு சாப்பிட்டு முடித்தார். பரிமாறுகிறவர் அண்டாவோடு வந்து நின்று, "அண்ணே, இன்னைக்குக்கூட வைக்காட்டி எப்பிடி?" என்றார். அவர் கை தட்டை முன்னால் தள்ளியது.

நான் அன்று பட்டுச்சேலை கட்டியிருந்தேன், முந்தானையில் ஏலக்காய் முடிந்து வரவில்லை. வாயில் வார்த்தைகள் வந்து வரிசையாக நின்றன, எல்லாம் நல்ல வார்த்தைகள், ஸ்டோரில் சொன்னால் ஒரு வாரம் சிரிப்பார்கள். அவர் என் பக்கம் திரும்பினார். தோளைக் கொஞ்சம் குறுக்கிக்கொண்டு, அடி விழப்போகிறது என்று காத்திருப்பவர் மாதிரி பார்த்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு என் தட்டைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை.

"போதுமப்பா," என்று பரிமாறுகிறவரிடம் சொல்லிவிட்டுத் தட்டை இழுத்துக்கொண்டார்.

முப்பது வருஷமாக நான் எண்ணி எண்ணி, பேசிப் பேசி, ஒரு தடவைகூட அந்தக் கை திரும்பி வந்ததில்லை.